கேக்கலாமா அக்கா

முதுகலை வகுப்பின் முதல் நாள். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தோளில் துணிப்பையோடு வந்து நின்ற பெண், "இங்க உக்காரலாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கெல்லாமா அக்கா கேப்பாங்க? நாற்காலி சும்மாதானே இருக்கு."

"நாற்காலி சும்மா இருக்கு. பக்கத்துல நீங்க இருக்கீங்கல்ல" என்றார்.

அவர் சொன்ன விதத்தில் கிண்டல் இல்லை, பாடம் நடத்தும் தொனியும் இல்லை. உண்மையிலேயே என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று சொன்ன பிறகுதான் பையைக் கீழே வைத்தார். அந்தப் பருவம் முடிவதற்குள் வகுப்பில் எல்லோரும் அவரைக் ‘கேக்கலாமா அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரு வேணாம். மத்தத நீ பாத்து எழுதிக்க" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் படித்தது பாலின ஆய்வு. பெண்ணின் உழைப்பு, உடல், ஆசை, இவற்றையெல்லாம் யார் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் படிப்பது. பினாங்கில் ஒரு தமிழ் வீட்டில் இதை விளக்கிச் சொல்லுவது பெரும்பாடு. என் அப்பா நான் ஏதோ சமூக சேவை படிப்பதாகவே கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் வீடு ஜார்ஜ்டவுனில், பினாங்கு ஸ்திரீட் பக்கம். செட்டிநாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். அங்கே அவருடைய படிப்பைப் பற்றி யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. பெண்கள் சம்பந்தப்பட்ட படிப்பு என்றால் அது பிரசவ டாக்டர் படிப்புதான் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

ஒருமுறை கோயில் அன்னதானத்துக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு உறவான, நாற்பதுகளின் கடைசியில் இருந்த ஓர் ஆச்சி வந்து பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்.

"நீ பொம்பளைங்க சமாச்சாரம்தானே படிக்கிற? எனக்கு மாசத்துல ரெண்டு தடவ ஆவுது. வயித்துல கல்லு வச்ச மாதிரி கனக்குது. என்னான்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. கையை எடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஆச்சி, நான் டாக்டர் இல்ல. ஆனா ஒன்னு கேக்கலாமா?"

"கேளேன்."

"எவ்ளோ காலமா இப்படி இருக்கு?"

"அது ஆச்சு, மூத்தவ கல்யாணத்துக்கு முந்தியே."

"வீட்டுல யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா?" என்றார் ஆச்சி. அதைப் புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த வாரமே அக்கா அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். ஆச்சி நலமாகி வந்து, "நம்ம பொண்ணு பாத்த மாத்திரத்துல கண்டுபுடிச்சிருச்சு" என்று தெரு முழுக்கச் சொல்ல, அக்காவை டாக்டர் என்று நம்பாதவர்களும் நம்பிவிட்டார்கள். அதன் பிறகு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டுக் காதில் ஏதாவது சொல்வார். அக்கா நின்று கேட்பார். ஒருவரையும் சீக்கிரம் முடிக்கச் சொன்னதில்லை.

இந்தக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் பல்கலைக்கழக உணவுக்கடையில் பால் கலக்காத தே ஓ குடித்துக்கொண்டே சொன்னார். படிக்க வருவதற்கு முன் அவர் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் அதிகாரியாக இருந்தார். வேலை கேட்டு வரும் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றை மேலிடம் வாய்வழியாக மட்டும் சொல்லியிருந்தது. எப்போது கல்யாணம், எப்போது பிள்ளை, வயிற்றில் இப்போது ஏதாவது இருக்கிறதா. வருஷக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் ஒரு மலாய்ப் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டபோது அந்தப் பெண் பதில் சொல்லாமல் தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். போன வாரம்தான் கலைந்ததாம்.

"அழுதுகிட்டே எங்கிட்ட மன்னிப்பு கேட்டா. வேலைக்கு வந்த எடத்துல அழுததுக்கு மன்னிப்பு" என்றார் அக்கா. "நான் யாரு அவகிட்ட அதக் கேக்க? யாரு எனக்கு அந்த உரிமையக் குடுத்தது? அன்னைக்கு வீட்டுக்குப் போயி சோறு எறங்கல."

அந்த வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு, முப்பதுகளின் நடுவில் படிக்க வந்தார். வீட்டில் பெரிய ரகளை. அவருடைய அண்ணன், "ஆம்பள பொம்பளன்னு படிக்கிறதுக்கு என்னா இருக்கு? கல்யாணம் கட்டுனா தானா தெரிஞ்சிடும்லா" என்று சொன்னதை அக்கா எங்களிடம் நடித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவருக்கு மூன்று முறை மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மூன்று முறையும் அவரிடம் பெண் பார்க்க வரும் நாளைத்தான் சொன்னார்களே தவிர, விருப்பத்தைக் கேட்கவில்லை. இதை அவர் நடித்துக் காட்டியதில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே பிளாட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் ஒருநாள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் நான் கேட்டேன். "அக்கா, ஒன்னு கேக்கலாமா? உங்களுக்கு யாரையாவது புடிச்சிருந்துச்சா?"

"கேக்கலாம்" என்றார். கிளிப்பை மாட்டினார். இன்னொரு துணியை உதறினார். கடைசித் துணி வரைக்கும் அப்படியே போட்டு முடித்தார். "பதில் சொல்லியே ஆகணும்னு இல்லல்ல?" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவருடைய ஆய்வுக்கு வருகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது.

முன்பு ரப்பர் தோட்டங்களிலிருந்தும் சின்ன ஊர்களிலிருந்தும் இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாக பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். பெற்றவர்கள் கண்ணில் படாமல், கையில் சொந்தச் சம்பளத்தோடு, வாடகை அறைகளில் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய கூலியைப் பற்றி, வேலை நேரத்தைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. அவர்கள் யாரை நேசித்தார்கள் என்று அக்கா கேட்க நினைத்தார். அதுதான் அவருடைய தலைப்பு.

பல பெண்களைப் பார்த்தார். கதவைச் சாத்தியவர்கள், ஒரு டீயோடு பேச்சை முடித்தவர்கள், சினிமா மாதிரிக் காதல் கதை சொன்னவர்கள் என்று பலவிதம். பிறகு பாயான் பாருவில், ஒரு பழைய பிளாட்டின் உயர்ந்த மாடியில் மல்லிகா அத்தை கிடைத்தார். அது உண்மைப் பெயர் இல்லை. உங்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அக்கா கேட்டதற்கு, "மல்லிகான்னு வை. சின்ன வயசுல அந்தப் பேருமேல எனக்கு ஆசை" என்று அவரே தேர்ந்தெடுத்தது. தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். கணவர் லாரி ஓட்டுநர். ஒரே மகள்.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. என்னுடைய பழைய காரில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். கணவர் வேலைக்குப் போன மத்தியானங்களில் பேச்சு நடக்கும். மாடிக்கு நான் போகக் கூடாது என்பது அக்கா போட்ட விதி. "எங்கிட்ட சொல்லத்தான் அவங்க ஒத்துக்கிட்டாங்க. உங்கிட்ட இல்ல." நான் கீழே தெருவோர ஒட்டுக்கடையில் ரோத்தி சானாய் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். முதல் நாள் இறங்கி வரும்போதே அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. காரில் ஏறியதும் பதிவுக் கருவி இருந்த பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "அவங்க ரொம்ப அழகாப் பேசுறாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தாக்கியபோது வாரக்கணக்கில் காதில் மாட்டியதைக் கழற்றாமல் அறையில் நடமாடினார். சமைக்கும்போதுகூட உதடுகள் அசையும். பெயர் மாற்றி எழுதிய அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு எங்கள் மேற்பார்வையாளர் தன் அறையில் எழுந்து நின்றுவிட்டாராம். அவர் தமிழ்ப் பெண்மணி. எளிதில் யாரையும் பாராட்டாதவர். "இத வச்சுதான் உன் மொத்த ஆய்வும் நிக்குது" என்றிருக்கிறார்.

அதற்குச் சில மாதம் கழித்து மல்லிகா அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் இருவரும் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தோம். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரமாக நகர்ந்து போனார். திரும்பி வரும்போது கையில் கீரைக்கட்டு இல்லை. எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அத்தையின் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் தங்கை எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாள். ‘பயமா இருக்கு கண்ணு, அழிச்சிடு’ என்று சொல்லியிருக்கிறார்.

பேச்சு தொடங்கும் முன்பே அக்கா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லுங்கள், எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்று. எல்லா ஆய்வாளர்களும் சொல்லும் வார்த்தைதான் அது. அதைச் சொல்லும்போது பெரும்பாலும் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

மேற்பார்வையாளர் இரண்டு மணி நேரம் பேசினார். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"பேர மாத்தியாச்சு, ஊர மாத்தியாச்சு. ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல. இந்த மாதிரி நம்ம பொம்பளைங்க வாழ்ந்தாங்கன்னு இதுவரைக்கும் யாரும் எழுதல. நீயும் அழிச்சிட்டா அவங்க இருந்ததுக்கு சாட்சியே இல்லாமப் போயிடும். அது ஒனக்குப் பரவால்லயா?"

"பரவால்லன்னு சொல்லல மேடம்."

"அப்புறம் என்னா?"

"சாட்சி சொல்ல அவங்க இப்ப ஒத்துக்கல."

"பயத்துல சொல்றாங்க. பயந்தவங்க வார்த்தைய வச்சா நீ முடிவெடுப்ப?"

அக்காவின் குரல் கேட்டது. "பயப்படாதவங்க வார்த்தையத்தான் மதிக்கணும்னா, நம்ம படிப்பு யாருக்கு மேடம்?"

அன்று மாலை நானும் என் பங்குக்குச் சொன்னேன். ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் ஒரு பிரதியை எங்காவது வைத்துக்கொள்ளுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று. அக்கா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. களைப்பாகப் பார்த்தார். "நான் அழிச்சிட்டேன்னு அவங்க நிம்மதியாத் தூங்குவாங்க. அந்தத் தூக்கம் பொய்யாயிடும்லா" என்றார்.

அழிப்பதை அத்தையின் கண் முன்னாலேயே செய்ய வேண்டும் என்று பாயான் பாருவுக்குப் போனார். கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் அன்று முதல் முறையாக மாடி ஏறினேன். அத்தை குள்ளமான, சிவந்த பெண். முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. எங்களை உட்காரவைத்து மைலோ கலக்கி வந்தார். அக்கா ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி அழித்தார். இது நீங்கள் முதல் நாள் பேசியது, இது இரண்டாவது, இது நான் எழுதியது. கருவியிலிருந்து, கணினியிலிருந்து, கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும். மேற்பார்வையாளரிடம் கொடுத்திருந்த பிரதியையும் வாங்கி வந்து அங்கேயே கிழித்தார்.

"எல்லாம் போயிருச்சா?" என்று அத்தை கேட்டார்.

"போயிருச்சு அத்தை."

அத்தை மூச்சு விட்டார். பிறகு, "ஒம் படிப்புக்கு ஒன்னும் ஆவாதுல்ல கண்ணு?" என்றார்.

"ஒன்னும் ஆவாது" என்றார் அக்கா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆனது. அந்த அத்தியாயம் போனபின் மீதி ஆய்வு நிற்கவில்லை. மறுபடி ஆட்களைத் தேடினார். வேறு யாரும் மல்லிகா அத்தை மாதிரிப் பேசவில்லை. கொடுத்த காலம் முடிந்தது. நீட்டித்ததும் முடிந்தது. சேமிப்பு கரைந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, வீட்டுக்கு வா என்றார்கள். நான் பட்டம் வாங்கிய நாளில் எனக்குப் பூங்கொத்து வாங்கிக்கொண்டு வந்து, மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றார். அங்கியை மாட்டிப் பாருங்கள் என்று நீட்டினேன். "இது ஒன்னோடதுலா" என்று சொல்லி, என் காலரைச் சரிசெய்துவிட்டார்.

நான் ஈப்போவில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனேன். அக்கா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில், பழைய வேலைக்கே போனார். ஆள் எடுக்கும் வேலை. தினமும் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போய் வந்தார். நேர்காணலுக்கு வரும் பெண்களிடம், "வேற எங்கயாவது பிள்ளையப் பத்தி, கல்யாணத்தப் பத்திக் கேட்டா, அதுக்கு நீங்க பதில் சொல்லத் தேவையில்ல" என்று தானாகவே சொல்லி அனுப்புவாராம். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. பதவி உயர்வு வரவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஆய்வு அறத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது அவர் ஞாபகம் வரும். எங்கள் வகுப்பில் யாருக்கு இந்தப் படிப்பு பொருத்தம் என்று கேட்டால் எல்லோரும் அவரைத்தான் காட்டியிருப்போம். அவர் எழுதாமல் போன பக்கங்களை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை. ஆனால் அவர் அழிக்காமல் இருந்திருந்தால், நான் நினைத்து வருந்தும் அந்த ஆள் அவராக இருந்திருக்கமாட்டார். இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் எங்கேயோ இடிக்கிறது.

போன வருஷம் கல்லூரி விடுமுறையில் பினாங்கு வந்திருந்தேன். அக்கா போன் செய்தார். குரல் சரியாக இல்லை.

"ஒன் காடியில என்னைய பாயான் பாரு கூட்டிட்டுப் போவியா?"

காரில் ஏறிய பிறகுதான் சொன்னார். மல்லிகா அத்தையின் கணவர் முன்பே காலமாகியிருந்தார். மகள் கோலாலம்பூரில். இப்போது, அந்த ஆய்வில் அத்தை யாரைப் பற்றிப் பேசினாரோ அந்தப் பெண்ணும் இறந்துவிட்டார். தொழிற்சாலையில் முன்பு வேலை செய்தவர்களின் வாட்சாப் குழுவில் செய்தி வந்திருக்கிறது. அத்தை தனியாகப் படகேறி, பட்டர்வொர்த் போய், பஸ் மாறி, மாக் மண்டின் பகுதியில் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். வாசலில் யாரோ ஒருவர் நீங்கள் யார் என்று கேட்க, "ஒன்னா வேல செஞ்சோம்" என்று சொல்லியிருக்கிறார். ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உடலை எடுப்பதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டாராம்.

"அந்த டேப்பு இருக்கான்னு கேக்குறாங்க" என்றார் அக்கா.

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் செஞ்சது சரிதான். இன்னைக்கு அதே மாதிரி கேட்டாலும் அழிக்கத்தான் செய்வேன்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரின்னு தெரிஞ்சிருந்தா வலிக்காதுன்னு நெனச்சிருந்தேன்."

அத்தை ரொம்பவும் இளைத்திருந்தார். பசியாறிவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றோம். அக்காவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். நான் வழக்கம்போலக் கீழே போகத் திரும்பினேன். "நீயும் உக்காரு ஆயி. இனிமே யாரு கேட்டா என்னா. எம் பேரு மட்டும் வெளிய வேணாம், மக இருக்கா. மத்தத யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க" என்றார்.

பிறகு அக்காவைப் பார்த்து, "அழிச்சிட்டோம், எனக்குத் தெரியும். எம் முன்னாலதான் அழிச்ச. எங்கனாச்சும் ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமோன்னுதான் கேட்டேன்" என்றார்.

"இல்ல அத்தை. ஒன்னும் இல்ல."

அத்தை தலையாட்டினார். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "இப்ப அவளப் பத்திப் பேச உக்காந்தா அழுவதான் வருது. அப்ப அப்படி இல்ல. அவ உசுரோட இருந்தா. தைப்பூசத்துக்குப் போனா தண்ணிமலக் கோயில் அடிவாரத்துல பாக்கலாம்னு இருந்துச்சு. அந்த நெனப்புல பேசுன பேச்சு அது. அது எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவ கேக்கணும்னு இருக்கு. அவ்ளோதான்."

அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு நெனவிருக்கு. சொல்லவா?" என்றார்.

அத்தை சரி என்பதுபோல் கையை அசைத்தார்.

"தோட்டத்துலேர்ந்து வந்தப்போ எனக்கு பஸ்ஸு மாறத் தெரியாது" என்று அக்கா தொடங்கினார். அவர் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அத்தை பேசியதை அப்படியே, அத்தையின் வார்த்தைகளிலேயே, ‘நான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் காதில் கேட்டு எழுதியது ஒரு சொல் தவறாமல் உள்ளே இருந்திருக்கிறது.

"அவதான் என் கையப் புடிச்சு ஏத்திவுட்டா. அன்னைலேர்ந்து ஒரே ரூமு. மைக்ராஸ்கோப்புல பாத்துப் பாத்து கண்ணு ரெண்டும் எரியும். ரூமுக்கு வந்ததும் ஈரத்துணிய நனச்சு என் கண்ணுமேல போடுவா. அப்புறம் நான் அவளுக்குப் போடுவேன். கட்டிலு ஒன்னுதான். இன்னொன்னு வாங்க காசு இல்லன்னு மத்தவங்ககிட்ட சொல்லுவோம். காசு இருந்துச்சு."

அத்தையின் உதடுகள் கூடவே அசைந்தன.

"புருசன் பொண்டாட்டி எப்படி இருப்பாங்களோ அப்படித்தான் இருந்தோம். அதுக்கு என்னா பேருன்னு எங்களுக்குத் தெரியாது. பேரு தெரியாததால பயமும் தெரியல. எங்கண்ணே கல்யாணத்துக்குக் கூப்புட வந்தப்போ, என் துணியெல்லாம் அவதான் பெட்டியில அடுக்குனா. ஒரு மடிப்பு கலையல. அழுவல. அண்ணனுக்கு தே கலக்கிக் குடுத்தா. அவளும் கட்டிக்குவான்னு நெனச்சேன். அவ கட்டிக்கல. கேள்விப்பட்டப்போ எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அது தப்பா கண்ணு? எனக்கு இங்க புருசன் இருக்கு, புள்ள இருக்கு. அவளுக்கு யாரும் வேணாம்னு நெனக்கிறேனே, அது தப்பா?"

சொல்லிக்கொண்டே போனார். அவர் குரல் உயரவில்லை. அத்தை நிறுத்திய இடங்களில் நிறுத்தினார். ஓரிடத்தில் அத்தை கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு காரியத்தைச் செய்யக்கூடிய ஆள் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. அதற்குப் பட்டம் கொடுக்க எந்த இடமும் இல்லை.

முடிந்தபோது அத்தை கண்ணைத் திறந்தார். ஏதோ குறைகிற மாதிரி பார்த்தார்.

"அவ சிரிப்பப் பத்தி நான் சொல்லலையா?"

அக்கா யோசித்தார். "இல்ல அத்தை. சொல்லல."

"நல்லா நெனச்சுப் பாரு."

"இல்ல அத்தை."

"எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். அதச் சொல்லல" என்றார் அத்தை. அவர் முகம் சுருங்கியது. "அதத்தானே மொதல்ல சொல்லியிருக்கணும். ரூமு முழுக்கக் கேக்கும். பக்கத்து வீட்டுச் சீனத்தி செவுத்தத் தட்டுவா. அவ சிரிச்சா எப்படித் தெரியுமா இருக்கும்…"

சொல்லத் தெரியாமல் நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கள் முன்னால், அந்தப் பெண் சிரிப்பதுபோலச் சிரிக்க முயன்றார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே வந்த ஒரு சத்தம். பாதியில் உடைந்தது.

"இப்படி இல்ல" என்றார்.

மறுபடி முயன்றார். இந்த முறை கொஞ்சம் நீளமாக வந்தது. கீழே எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பியது. நானும் அக்காவும் அந்தப் பெண்ணை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. சரியாக வந்ததா என்று சொல்ல எங்களால் முடியாது.

"இதுவும் இல்ல."

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார். அத்தை உதட்டை நனைத்துக்கொண்டார். இன்னொரு முறை மூச்சை உள்ளே இழுத்தார்.